உயரம் தாண்டுதலில் ஒருவருக்குப் பிளேடு கால், இன்னொருவருக்கு இல்லை. இது எப்படி ஒரே போட்டி ஆகும்?

ஒத்தைக்கேள்வி:

வணக்கம். எனக்கு விளையாட்டு விவரம் அவ்வளவாகத் தெரியாது, தப்பாக ஏதாவது எழுதியிருந்தால் திருத்துங்கள், கோபித்துக்கொள்ள வேண்டாம்.

நேற்று ராத்திரி பாரிஸ் 2024 பாராலிம்பிக்கின் ஆண்கள் உயரம் தாண்டுதல் இறுதிப் போட்டியை என் மகளோடு உட்கார்ந்து பார்த்தேன். மாரியப்பன் தங்கவேலுவுக்காகத்தான் போட்டோம். தங்கம் வாங்கிய அமெரிக்கர் எஸ்ரா ஃப்ரெச் ஒரு காலில் வளைந்த பிளேடு மாட்டிக்கொண்டு ஓடிவந்து 1.94 மீட்டர் தாண்டினார். வெள்ளி வாங்கிய சரத் குமார் 1.88, வெண்கலம் வாங்கிய மாரியப்பன் 1.85. இவர்கள் இரண்டு பேரும் செயற்கைக்கால் எதுவும் போடவில்லை, சொந்தக் காலிலேயே ஓடிவந்து தாண்டினார்கள்.

மகளுக்குப் பத்து வயது. "அப்பா, அவருக்கு ஸ்பிரிங் இருக்கு, இவங்களுக்கு இல்ல, அப்புறம் எப்படி ஒண்ணா போட்டி வைக்கறாங்க?" என்று கேட்டாள். நான் ஏதோ சொல்லிச் சமாளித்தேன், அவள் நம்பவில்லை. உண்மையைச் சொன்னால் நானும் நம்பவில்லை.

திரையில் டி63 என்று போட்டிருந்தது. அடுத்த நிகழ்ச்சிக்கு எஃப்41 என்றார்கள், நீச்சலில் எஸ்9 என்று வருகிறது. இதெல்லாம் என்ன? ஒருவர் எந்த வகை என்று யார் முடிவு செய்கிறார்கள், எதை வைத்து? அப்புறம் இன்னொன்று, கேட்கவே கொஞ்சம் சங்கடமாக இருக்கிறது: இதில் யாராவது நடித்து ஏமாற்ற முடியாதா?

சுண்ணாம்புக்கோடு:

உங்கள் மகள் நேராக ஆணிவேரையே பிடித்திருக்கிறாள். பாராலிம்பிக்கில் பாதிச் சண்டை மைதானத்தில் நடக்கிறது, மீதி இந்த எண்களை வைத்து நடக்கிறது.

தடகளத்துக்கு மட்டும் சொல்கிறேன், மற்ற விளையாட்டுகளுக்கு எண்கள் வேறு. டி என்றால் ஓட்டமும் தாண்டுதலும், எஃப் என்றால் எறிதல். பின்னால் வரும் எண்ணில் முதல் இலக்கம் குறைபாட்டின் வகையைச் சொல்லும், அடுத்தது அந்த வகைக்குள் எவ்வளவு என்பதை. 11 முதல் 13 வரை பார்வை, 20 அறிவுசார் குறைபாடு, 30-களில் மூளை முடக்குவாதம் போல உடம்பை மனசுக்கு ஏற்றபடி அசைக்க முடியாத நிலைகள், 40-உம் 41-உம் உயரம் குறைந்தவர்கள். 42 முதல் 47 வரை கை அல்லது காலில் குறைபாடு உள்ளவர்கள், ஆனால் செயற்கைக்கால் போடாமல் வருபவர்கள். 50-கள் சக்கர நாற்காலியிலோ உட்கார்ந்தபடியோ. 61 முதல் 64 வரை செயற்கைக்காலோடு வருபவர்கள். ஒவ்வொரு தொகுப்பிலும் எண் குறையக் குறையப் பொதுவாகப் பாதிப்பு அதிகம் என்று வைத்துக்கொள்ளுங்கள், பெரிதாகத் தப்பாது.

இப்போது உங்கள் போட்டிக்கு வருவோம். மாரியப்பனும் சரத்தும் டி42. எஸ்ரா டி63. 2017 வரை இந்த இரண்டும் ஒரே வகையாக, டி42 என்ற பெயரிலேயே இருந்தன. 2018-இல் செயற்கைக்கால் போடுபவர்களைத் தனியாகப் பிரித்து 60-களில் வைத்தார்கள். ஆனால் உயரம் தாண்டுதலில் இரண்டு தனிப் போட்டி வைக்கும் அளவுக்கு ஆள் இல்லை, அதனால் மறுபடியும் சேர்த்து, பெயரை மட்டும் டி63 என்று வைத்திருக்கிறார்கள். அதுதான் நீங்கள் பார்த்தது.

சரி, அப்படியானால் பிளேடு போட்டவருக்கு லாபம்தானே? இங்கேதான் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். டி63 என்றால் முழங்காலுக்கு மேலே கால் இல்லாதவர். அதாவது பிளேடுக்கு மேலே அவருக்குச் சொந்த முழங்கால் மூட்டு கிடையாது, அதையும் இயந்திர மூட்டாகத்தான் மாட்டியிருப்பார், ஓடிவரும்போது அந்த மூட்டு சரியான நேரத்தில் மடங்கி நீள வேண்டும், இல்லாவிட்டால் முகம் குப்புற விழ வேண்டியதுதான். இந்த வகையில் உயரம் தாண்டுபவர்கள் பெரும்பாலும் நல்ல காலில்தான் தரையை உதைத்து எழும்புகிறார்கள். பிளேடு ஓடிவருவதற்கு. ஸ்பிரிங் மேலே தூக்கிவிடுகிறது என்று பாப்பா நினைத்தது நியாயமான ஊகம், ஆனால் இந்தப் போட்டியில் விஷயம் அப்படி இல்லை.

முடிவுகளையும் பாருங்கள். ரியோ 2016-இல் மாரியப்பன் 1.89 தாண்டித் தங்கம். செயற்கைக்காலோடு தாண்டிய அமெரிக்கர் சாம் க்ரூ 1.86, வெள்ளி. டோக்கியோவில் அதே இரண்டு பேர், இந்த முறை க்ரூ 1.88, மாரியப்பன் 1.86. இரண்டு சென்டிமீட்டர். பிளேடு அவ்வளவு பெரிய வரம் என்றால் ரியோவில் அப்படி நடந்திருக்காது.

பிளேடிலேயே எழும்புகிறவர் யார் என்று கேட்டால் ஜெர்மனியின் மார்கஸ் ரெம். நீளம் தாண்டுதல், டி64, அதாவது முழங்காலுக்குக் கீழே. 2023-இல் 8.72 மீட்டர் தாண்டினார். குறைபாடு இல்லாதவர்களுக்கான உலக சாதனையே 8.95 தான். அவரை ஒலிம்பிக்கில் சேர்க்க முடியாது என்று சொன்னதற்குக் காரணமும் அந்த எழும்பும் பிளேடுதான். அந்த விவாதத்தை இங்கே ஆரம்பித்தால் விடிந்துவிடும்.

கோணமானி:

நான் இயன்முறை சிகிச்சையாளர். வகைப்படுத்தும் குழுவில் உறுப்பினராக இருந்ததில்லை, ஆனால் பரிசோதனை நடக்கும் அறையில் உதவிக்கு நின்றிருக்கிறேன், அதனால் யார் எப்படி முடிவு செய்கிறார்கள் என்ற கேள்வியை நான் எடுத்துக்கொள்கிறேன்.

முதலில் தகுதி. பாராலிம்பிக்கில் மொத்தம் பத்து வகைக் குறைபாடுகளைத்தான் ஏற்கிறார்கள். எட்டு உடல் சார்ந்தவை: தசை வலுக்குறைவு, மூட்டு அசைவுக் குறைவு, கை கால் இல்லாமை, கால் நீள வித்தியாசம், உயரக் குறைவு, அப்புறம் தசை இறுக்கம், தடுமாற்றம், தானாக அசையும் அசைவு என்று நரம்பு சம்பந்தமான மூன்று. ஒன்பதாவது பார்வை, பத்தாவது அறிவுசார் குறைபாடு. பட்டியலில் பெயர் இருந்தால் மட்டும் போதாது, ஒவ்வொரு விளையாட்டுக்கும் குறைந்தபட்ச அளவு ஒன்று உண்டு. தடகளத்தில் கால் நீள வித்தியாசம் ஏழு சென்டிமீட்டராவது இருக்க வேண்டும். ஆறரை என்றால் வீட்டுக்குப் போகலாம். கேட்கக் கொடுமையாக இருக்கும், ஆனால் கோடு எங்கேயாவது போட்டுத்தானே ஆக வேண்டும்.

கவனியுங்கள், வலி இந்தப் பட்டியலில் இல்லை. 2020-இல் சக்கர நாற்காலிக் கூடைப்பந்து வீரர்கள் பலரைத் திரும்பப் பரிசோதித்தபோது, காலில் தீராத நரம்பு வலியோடு பல வருடம் ஆடிக்கொண்டிருந்த பிரிட்டன் வீரர் ஒருவருக்குத் தகுதி இல்லை என்று முடிவு வந்தது. காலை வெட்டி எடுத்துவிடலாமா என்றுகூட யோசித்ததாக அவரே வெளிப்படையாகச் சொன்னார். விதிப்படி பார்த்தால் முடிவு சரி. மனிதராகப் பார்த்தால் ராத்திரி தூக்கம் வராது.

பரிசோதனைக்கு ஒருவர் மட்டும் உட்கார மாட்டார், குறைந்தது இரண்டு பேர். உடல் குறைபாடு என்றால் ஒருவர் மருத்துவமோ இயன்முறையோ தெரிந்தவர், இன்னொருவர் அந்த விளையாட்டின் நுணுக்கம் தெரிந்தவர். மேசையில் படுக்கவைத்து ஒவ்வொரு தசைக் கூட்டத்துக்கும் பூஜ்யம் முதல் ஐந்து வரை மதிப்பெண் போடுவோம், மூட்டு எவ்வளவு மடங்குகிறது என்று கோணமானி வைத்து அளப்போம் (பெயர் அங்கிருந்து வந்ததுதான்). அப்புறம் விளையாட்டுக்குத் தேவையான அசைவுகளைச் செய்யச் சொல்வோம். அதோடு முடியாது. முதல் முறை போட்டியில் இறங்கும்போது குழு ஓரமாக நின்று பார்க்கும். மேசையில் தூக்க முடியாத கை, பதக்கம் கண்ணில் தெரிந்ததும் தூக்கிவிடுகிறதா என்று.

ஆக, நடிக்க முடியுமா என்றால், முயற்சி செய்பவர்கள் உண்டு. வேண்டுமென்றே குறைத்துக் காட்டியது தெரிந்தால் தடை விழும். ஊக்கமருந்து மாதிரியே கடுமையான குற்றமாகத்தான் எடுத்துக்கொள்கிறார்கள். மிக மோசமான சம்பவம் சிட்னி 2000. அறிவுசார் குறைபாடு உள்ளவர்களுக்கான கூடைப்பந்தில் ஸ்பெயின் தங்கம் வாங்கியது. பிறகு தெரிந்தது, அணியில் இருந்த 12 பேரில் 10 பேருக்கு அந்தக் குறைபாடே கிடையாது. வெளியே கொண்டுவந்தது அதே அணியில் ஆடிய ஒரு பத்திரிகையாளர். பதக்கம் போனது, அது சரி. ஆனால் அதற்குப் பிறகு அறிவுசார் குறைபாடு உள்ள எல்லோருக்கும் பாராலிம்பிக் கதவு மூடப்பட்டது, சோதிக்கும் முறையைப் புதிதாக உருவாக்கி லண்டன் 2012-இல்தான் திறந்தார்கள். இடையில் ஏதென்ஸ், பெய்ஜிங். ஒரு விளையாட்டு வீரருக்கு 12 வருடம் என்றால் முழு வாழ்க்கை. அந்தப் பத்துப் பேர் திருடியது ஒரு தங்கத்தை மட்டும் இல்லை.

நடிப்பு இல்லாத ஏமாற்று ஒன்றும் உண்டு. தண்டுவடத்தில் மேல்பகுதியில் காயம் பட்டவர்களுக்கு, உணர்ச்சி இல்லாத பகுதியில் வேண்டுமென்றே காயமோ அழுத்தமோ ஏற்படுத்தினால் ரத்த அழுத்தம் எகிறும், கொஞ்ச நேரம் வேகமும் கூடும். மூளையில் ரத்தக் கசிவு வரை போகலாம். தடை செய்யப்பட்டது. போட்டிக்கு முன் ரத்த அழுத்தம் பார்ப்பது இதற்காகவும்தான்.

சும்மாகேட்டேன்:

எல்லாரும் நல்லபிள்ளையாகப் பேசுகிறீர்கள், நான் திட்டு வாங்கத் தயாராகவே கேட்கிறேன். பாரிஸ் ஒலிம்பிக்கில் சுமார் 10,500 பேருக்கு 329 தங்கம். அதே பாரிஸ் பாராலிம்பிக்கில் சுமார் 4,400 பேருக்கு 549 தங்கம். ஆண்கள் 100 மீட்டருக்கு மட்டும் பத்துக்கும் மேல் இறுதிப் போட்டி. அப்படியானால் 100 மீட்டர் சாம்பியன் யார்? நான் யாரையும் குறைத்துப் பேசவில்லை, ஆனால் இவ்வளவு பிரித்தால் பதக்கத்தின் எடை குறையாதா?

சுண்ணாம்புக்கோடு:

திட்டவில்லை நண்பரே, பலர் மனசுக்குள் கேட்பதை நீங்கள் வெளியில் கேட்டீர்கள், அவ்வளவுதான்.

குத்துச்சண்டையில் உலக சாம்பியன் யார் என்று கேட்டால் எந்த எடை என்று திருப்பிக் கேட்பீர்கள். 50 கிலோ ஆளையும் 90 கிலோ ஆளையும் ஒரே வளையத்தில் விட்டால் அதைப் போட்டி என்று யாரும் சொல்ல மாட்டோம். இதுவும் அதுவேதான். முழுக்கப் பார்வை இல்லாமல், கண்ணையும் மூடிக் கட்டிக்கொண்டு, துணை ஓட்டக்காரரின் கையோடு ஒரு கயிற்றில் பிணைந்து ஓடும் டி11-ஐயும், ஒரு கை இல்லாத டி47-ஐயும் சேர்த்து ஓடவிட்டு யார் வேகம் என்று பார்ப்பதில் என்ன தெரிந்துகொள்வோம்? எந்தக் குறைபாடு ஓட்டத்தை அதிகம் பாதிக்கிறது என்பதைத்தான். ஓட்டக்காரரைப் பற்றி ஒன்றும் தெரியாது.

ஆரம்பத்தில் இன்னும் மோசம். 1948-இல் லண்டன் ஒலிம்பிக் தொடங்கிய அதே ஜூலை 29-ஆம் தேதி, ஸ்டோக் மாண்டெவில் மருத்துவமனைப் புல்வெளியில் டாக்டர் லுட்விக் குட்மன் 16 நோயாளிகளை வைத்து வில்வித்தைப் போட்டி நடத்தினாரே, அங்கிருந்து வளர்ந்த விளையாட்டு இது. அதனால் நெடுங்காலம் மருத்துவர் மாதிரியே பிரித்தார்கள். என்ன வியாதி, தண்டுவடத்தில் எந்த எலும்பு. பிறகுதான், வியாதி என்னவாக இருந்தால் என்ன, இந்த விளையாட்டில் உடம்பு எதைச் செய்ய முடிகிறது என்று பார்ப்போம் என மாறியது. நீச்சலில் காலை இழந்தவரும் மூளை முடக்குவாதம் உள்ளவரும் ஒரே எஸ் எண்ணில் நீந்துவது அதனால்தான். ஒரே ஆளுக்கு மார்பு நீச்சலுக்கு மட்டும் எஸ்பி என்று தனி எண் கொடுப்பதும் அதனால்தான், அதில் காலின் வேலை அதிகம்.

ஒரு முக்கியமான விஷயம் விட்டுப்போய்விடும் போலிருக்கிறது. வகை பிரிப்பது எல்லோரையும் சமமாக்க இல்லை. குறைபாட்டால் வரும் வித்தியாசத்தைக் குறைக்க மட்டும். நன்றாகப் பயிற்சி எடுத்து வேகமானவரை, "நீ ரொம்ப வேகம், மேல் வகைக்குப் போ" என்று அனுப்பக் கூடாது. உழைப்புக்கும் திறமைக்கும் இடம் விட்டாக வேண்டும், இல்லாவிட்டால் அது போட்டியே இல்லை.

இன்னொன்று, வகைகளை அள்ளி இறைக்கிறார்கள் என்று நினைக்காதீர்கள். ஆள் குறைந்தால் நிகழ்ச்சியையே எடுத்துவிடுவார்கள். தேவேந்திர ஜஜாரியா ஏதென்ஸ் 2004-இல் எஃப்46 ஈட்டி எறிதலில் 62.15 மீட்டர், உலக சாதனையோடு தங்கம். அடுத்து பெய்ஜிங்கில் அந்த நிகழ்ச்சி இல்லை. லண்டனிலும் இல்லை. உலகத்திலேயே அதிகத் தூரம் எறிந்த ஆள், எறிய இடம் இல்லாமல் காத்திருந்தார். ரியோ 2016-இல் மறுபடி சேர்த்தார்கள், 35 வயதில் வந்து 63.97 எறிந்து தன் சாதனையைத் தானே முறித்தார். நீங்கள் பதக்கம் அதிகம் என்கிறீர்கள், அவருக்கு 12 வருடம் ஒரு பதக்கம்கூட வைக்கப்படவில்லை.

ஒற்றைப்புள்ளி:

இவ்வளவு நேரம் படித்துவிட்டுச் சும்மா போக முடியவில்லை. நான் சக்கர நாற்காலிக் கூடைப்பந்து ஆடுபவன். சர்வதேச ஆளெல்லாம் இல்லை. ஆனால் இந்த எண் வாழ்க்கையில் என்ன செய்யும் என்று எனக்குத் தெரியும்.

எங்கள் விளையாட்டில் வகை வாரியாகத் தனிப் போட்டி கிடையாது, எல்லோரும் ஒரே அணியில். ஒவ்வொருவருக்கும் 1.0 முதல் 4.5 வரை புள்ளி. களத்தில் இருக்கும் ஐந்து பேரின் கூட்டுத்தொகை 14-ஐத் தாண்டக் கூடாது. நான் 1.0. இடுப்புக்கு மேலேயும் பிடிமானம் இல்லாதவன், நாற்காலியில் பட்டை போட்டுக் கட்டித்தான் உட்கார்வேன், பக்கவாட்டில் சாய்ந்தால் கையை ஊன்றித்தான் நிமிர வேண்டும். 4.5 என்றால் உடம்பை எந்தப் பக்கமும் முழுசாகச் சாய்த்துத் திருப்பக்கூடியவர்.

பார்ப்பவர்கள் கண்ணில் கூடை போடும் 4.5 ஆட்கள்தான் தெரிவார்கள். நாங்கள் என்ன செய்கிறோம் தெரியுமா? அடைக்கிறோம். நாற்காலியால் பக்கவாட்டில் ஒரு அடிகூட எடுத்து வைக்க முடியாது இல்லையா, முன்னேயோ பின்னேயோதான் போக முடியும். எதிரணியின் உயரமான ஆள் பாதிக் களத்தில் திரும்பும் நொடியில் என் நாற்காலியை அவர் சக்கரத்துக்குக் குறுக்கே வைத்துவிட்டால், அவர் பின்னால் போய்ச் சுற்றி வருவதற்குள் எங்கள் ஆள் கூடைக்குக் கீழே தனியாக நிற்பார். ஐந்துக்கு நான்கு. புள்ளிப் பட்டியலில் என் பெயர் பூஜ்யம் என்று இருக்கும், ஆனால் அந்தக் கூடையில் பாதி என்னுடையது.

எங்கள் ஐந்து பேர் 1.0, 2.0, 3.0, 3.5, 4.5. கூட்டிப் பாருங்கள், சரியாக 14. ஒரு வருடம் இந்த ஐந்து பேரை வைத்தே எல்லாத் திட்டமும் போட்டுப் பழகினோம். அப்புறம் ஒரு போட்டியில் (எந்தப் போட்டி, யார் நடத்தியது என்பதெல்லாம் வேண்டாம்) முதல் ஆட்டத்தில் நான் ஒரு பந்துக்காக எட்டிச் சாய்ந்து, எப்படியோ கையை ஊன்றாமல் நிமிர்ந்துவிட்டேன். ஓரத்தில் இருந்தவர்கள் குறித்துக்கொண்டார்கள். அடுத்த நாள் காலையில் என் புள்ளி 1.5.

அரைப் புள்ளிதானே என்று தோன்றும். அணி 14.5 ஆகிவிட்டது. அந்த ஐந்து பேரும் இனி ஒன்றாகக் களத்தில் இறங்க முடியாது. எங்கள் 3.5-ஐ வெளியே உட்காரவைக்க வேண்டியிருந்தது, தோற்றோம். அவர் என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை, அதுதான் கஷ்டம். நான் நடிக்கவில்லை, பயிற்சியாளர் ஒருவர் மாசக்கணக்கில் தோள்பட்டைக்கும் கழுத்துக்கும் கொடுத்த பயிற்சி அன்றைக்கு வேலை செய்தது, அவ்வளவுதான். மேலே ஒருவர் நன்றாக எழுதியிருந்தார், பயிற்சியால் வந்த முன்னேற்றத்துக்குத் தண்டனை கூடாது என்று. எழுதுவது சுலபம். ஓரத்தில் நிற்பவருக்கு நான் நிமிர்ந்தது தசையாலா பழக்கத்தாலா என்று எப்படித் தெரியும்? அடுத்த பரிசோதனையில் 1.0 திரும்பி வந்தது. போன ஆட்டம் திரும்பி வரவில்லை.

இப்போதும் எட்டிப் பிடிக்க வேண்டிய பந்து வந்தால் ஒரு கணம் யோசிக்கிறேன். இதை வெளியில் சொல்வது இதுதான் முதல் தடவை.

கோணமானி:

ஒற்றைப்புள்ளி, உங்கள் பதிவைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா இருந்தேன். எங்கள் பக்கத்தின் பலவீனமான இடம் அதேதான். தசை வலுவை மேசையில் கண்டுபிடிக்கலாம், ஆனால் ஒருவர் முழு பலத்தையும் போடுகிறாரா என்று நூறு சதவீதம் சொல்லும் கருவி கிடையாது. அதே மாதிரி, களத்தில் பார்த்த ஒரு நல்ல அசைவு உடம்பின் எல்லையா, பயிற்சியின் பலனா என்பதும். அதனால்தான் புதிதாக வருபவரின் எண்ணுக்குப் பக்கத்தில் "மறுபரிசீலனைக்கு உரியது" என்று ஒரு நிலையும், பல தடவை பார்த்த பிறகு "உறுதி" என்ற நிலையும் வைத்திருக்கிறார்கள். உறுதி ஆகும் வரை தலைக்கு மேல் கத்திதான்.

சும்மாகேட்டேன்:

சரி, குத்துச்சண்டை எடுத்துக்காட்டு எனக்கு ஒட்டிக்கொண்டது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் இன்னொரு பக்கமும் மிகைப்படுத்துகிறார்கள். ரியோவில் பார்வைக் குறைபாடு உள்ளவர்களின் 1500 மீட்டரில் முதல் நாலு பேரும் ஒலிம்பிக் சாம்பியனை விட வேகமாக ஓடினார்கள் என்று அடிக்கடி யாராவது பகிர்கிறார்களே, அது உண்மையா, கட்டுக்கதையா?

சுண்ணாம்புக்கோடு:

உண்மை. டி13 இறுதியில் அல்ஜீரியாவின் அப்தெல்லத்தீப் பாக்கா 3:48.29, ஒலிம்பிக் தங்கம் வாங்கிய மேத்யூ சென்ட்ரோவிட்ஸ் 3:50.00. ஆனால் அந்த ஒலிம்பிக் இறுதி ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டே மெதுவாக ஓடி, கடைசிச் சுற்றில் மட்டும் பாய்ந்த ஓட்டம். அந்த வீரர்களின் சொந்தச் சிறந்த நேரங்கள் இதைவிட எவ்வளவோ வேகம். பாக்கா ஓடியது அருமையான ஓட்டம், அதைப் பாராட்ட இந்த ஒப்பீடு தேவையே இல்லை. இப்படிப் பகிர்பவர்கள் நல்லெண்ணத்தில்தான் செய்கிறார்கள், ஆனால் ஒலிம்பிக்கை அளவுகோலாக வைத்தால்தான் இவர்களுக்கு மதிப்பு என்று ஆகிவிடுகிறது பாருங்கள், அது எனக்குப் பிடிக்காது.

வாசகன்_மட்டும்:

இடையில் ஒரு சின்ன சந்தேகம். பத்து வகையில் காது கேளாமை இல்லையே? என் அண்ணன் மகனுக்குக் காது கேட்காது, நன்றாக ஓடுவான். அவன் எங்கே போவது?

கோணமானி:

அவர்களுக்குத் தனியாக டெஃப்லிம்பிக்ஸ் இருக்கிறது. பாராலிம்பிக்கை விட வயதில் மூத்தது, முதல் போட்டி 1924-இலேயே பாரிஸில் நடந்துவிட்டது. அங்கே காது கேட்கும் கருவியைக் கழற்றிவிட்டுத்தான் இறங்க வேண்டும், ஓட்டத்தைத் துப்பாக்கிக்குப் பதில் விளக்கு வைத்துத் தொடங்குவார்கள். ஸ்பெஷல் ஒலிம்பிக்ஸ் என்பது மூன்றாவது, அது அறிவுசார் குறைபாடு உள்ளவர்களுக்கு, எந்தத் திறன் நிலையில் இருந்தாலும் கலந்துகொள்ளலாம். மூன்றையும் பத்திரிகைகளே குழப்பி எழுதுவதைப் பார்த்திருக்கிறேன். பையனை இப்போதே ஓடவிடுங்கள்.

ஒத்தைக்கேள்வி:

எல்லோருக்கும் நன்றி, நான் எதிர்பார்த்ததைவிட எவ்வளவோ கிடைத்தது. ஒற்றைப்புள்ளி அண்ணா, நீங்கள் எழுதியதை மகளுக்குப் படித்துக் காட்டினேன். பிறகு சக்கர நாற்காலிக் கூடைப்பந்து ஆட்டம் ஒன்றைத் தேடிப் போட்டோம். பந்து எங்கே போகிறது என்று பார்க்காமல், யார் யாரை அடைக்கிறார்கள் என்றே அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். "இதோ ஒரு ஒண்ணு" என்று கையை நீட்டி நீட்டிக் காட்டினாள், பாதி சரியாகவும் இருந்தது என்று நினைக்கிறேன்.

அந்த உயரம் தாண்டுதல் விஷயத்தில் மட்டும் இன்னும் முழுசாகச் சமாதானம் ஆகவில்லை. "அப்படின்னா ரெண்டு போட்டியா வெக்கற அளவுக்கு ஆள் சேர்த்தா போதுமே" என்கிறாள். நான் பதில் சொல்லவில்லை.

அடுத்த கேள்வியும் வந்துவிட்டது, இதையும் நீங்களே தீர்த்து வையுங்கள். போச்சியா என்று ஒரு ஆட்டம், தோல் பந்தை உருட்டி வெள்ளைப் பந்துக்குப் பக்கத்தில் கொண்டுபோவது. அதில் சிலர் சரிவுப் பலகை ஒன்றில் பந்தை வைத்து உருட்டுகிறார்கள், பக்கத்தில் ஒரு உதவியாளர் இருக்கிறார், ஆனால் அவர் ஆட்டக் களத்துக்கு முதுகைக் காட்டியபடியே உட்கார்ந்திருக்கிறார். கடைசிப் பந்துவரை திரும்பவே இல்லை. ஏதாவது தண்டனையா என்று கேட்கிறாள்.

ஒற்றைப்புள்ளி:

ஹாஹா, தண்டனை இல்லை பாப்பா. அந்த வகைக்குப் பெயர் பிசி3. கையாலோ காலாலோ பந்தை வீச முடியாதவர்கள். பலகையை எந்தப் பக்கம் திருப்ப வேண்டும், எவ்வளவு உயரத்திலிருந்து உருட்ட வேண்டும் என்று வீரர்தான் முடிவு செய்து சொல்வார், உதவியாளர் அப்படியே நகர்த்துவார். தலையில் மாட்டிய கம்பியாலோ வாயில் பிடித்த குச்சியாலோகூடப் பந்தைத் தள்ளிவிடுவார்கள். களத்தைப் பார்த்தால் உதவியாளர் தன்னை அறியாமல் ஒரு விரல்கடை சரிசெய்துவிடுவார் இல்லையா, அப்புறம் அது யாருடைய ஆட்டம்? அதனால் திரும்பவே கூடாது. அந்த உதவியாளர்களுக்கும் கழுத்தில் பதக்கம் போடுவார்கள், அடுத்த தடவை கடைசிவரை பாருங்கள். ஜெயித்தோமா தோற்றோமா என்பதை வீரரின் முகத்தைப் பார்த்துத்தான் அவர்கள் தெரிந்துகொள்வார்கள்.